செஃப் ஸ்டோரேஜ் கிளஸ்டர் மக்கர் பண்ணா எங்க பாக்குறது, எங்க கை வெக்கக்கூடாது

நைட்டு ரெண்டு மணிக்கு போன் அடிக்கும். எடுத்தா "அண்ணே, டாஷ்போர்டு ஃபுல்லா செவப்பா இருக்குண்ணே, சர்வர ரீபூட் பண்ணிடவா"ன்னு ஷிஃப்ட்ல இருக்குற பையன் கேப்பான். பண்ணாதடா தம்பின்னு மொதல்ல கத்திட்டு தான் மீதி பேச்சே. இதையே திருப்பித் திருப்பி பேசி வாய் வலிச்சுப் போச்சு, அதான் எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். செஃப்னா நிறைய சர்வரோட டிஸ்க்குங்கள சேத்து ஒரே ஸ்டோரேஜா காட்டுற சாஃப்ட்வேர். போன்ல சொல்ற மாதிரியே தான் கட்டளைகள எழுதிருக்கேன், மைனஸ்னு சொன்னா அந்த சின்ன கோடு, நீங்க கீபோர்டுல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. 2020-ல ஆக்டோபஸ் வெர்ஷனோட வந்த செஃப்ஏடிஎம்ங்குற டூல் வெச்சு போட்ட கிளஸ்டருக்கு தான் இது பொருந்தும். எங்களோடது மூணு காப்பி வெக்கிற பூல், அதுக்கு மேல செஃப்எஃப்எஸ், யூசருங்க மவுன்ட் பண்ணி ஃபோல்டரா பாக்குறாங்க.

## எந்த அறிகுறியா இருந்தாலும் மொத ரெண்டு நிமிஷம்

"செஃப் மைனஸ் எஸ்" அடிங்க, அப்புறம் "செஃப் ஹெல்த் டீட்டெய்ல்" அடிங்க. வந்தத அப்படியே காப்பி பண்ணி மணி போட்டு ஒரு நோட்பேட்ல வெச்சுடுங்க, ஏன்னா பத்து நிமிஷம் கழிச்சு அதே மெசேஜ் இருக்காது, மொதல்ல எது விழுந்துச்சுன்னு அப்புறம் தெரியாம முழிக்கணும். டாஷ்போர்டு ஒண்ணு சொல்லி கமாண்ட் லைன் இன்னொண்ணு சொன்னா கமாண்ட் லைன நம்புங்க, டாஷ்போர்டு, மேனேஜர்னு பின்னாடி ஓடுற ஒரு டீமன் (புரோகிராம்) வழியா தான் எல்லாத்தையும் வாங்கி காட்டுது, அது தொங்கிட்டா பழைய படத்தையே காட்டிட்டு நிக்கும்.

## டாஷ்போர்டு திறக்கல, ஆனா யூசருங்க ஃபைலெல்லாம் ஓடுது

பதறவே வேணாம். மேனேஜர் டீமனுக்கு கட்டளைல மூணே எழுத்து, எம்ஜிஆர். அதனால எங்க டீம்ல அதுக்கு வாத்தியார்னே பேரு. வாத்தியார் மயங்கி விழுந்தாலும் டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது, படம் தான் தெரியாது.

ரொம்ப சிம்பிளான காரணம், வாத்தியார் இடம் மாறிட்டாரு. ஆக்டிவ் மேனேஜர் ஒரு சர்வர்ல இருந்து அடுத்ததுக்கு போயிருக்கும், நீங்க புக்மார்க்ல பழைய அட்ரஸ வெச்சு தட்டிட்டு இருப்பீங்க. "செஃப் எம்ஜிஆர் சர்வீசஸ்" அடிச்சா இப்ப எந்த அட்ரஸ்ல இருக்குன்னு வரும், எஸ்எஸ்எல் இருந்தா போர்ட் 8443, இல்லேன்னா 8080. அதுல ஹோஸ்ட்நேம் வந்து உங்க லேப்டாப்புக்கு அந்த பேர் புரியலன்னா ஐபி போட்டு பாருங்க.

அட்ரஸே வரலன்னா மாட்யூல் ஆஃப் ஆகிருக்கும். "செஃப் எம்ஜிஆர் மாட்யூல் எனேபிள் டாஷ்போர்டு". ஏற்கனவே எனேபிள் தான்னு சொன்னா ஒருதடவ டிசேபிள் பண்ணி எனேபிள் பண்ணுங்க. அதுக்கும் மசியலன்னா "செஃப் எம்ஜிஆர் ஃபெயில்", ஸ்டாண்ட்பைல இருக்குறது மேல ஏறிக்கும்.

பக்கம் வருது லாகின் ஆகலன்னா, பத்து தடவ தப்பா அடிச்சா அக்கவுன்ட் தானாவே பூட்டிக்கும். "செஃப் டாஷ்போர்டு ஏசி-யூசர்-எனேபிள்" போட்டு பேர குடுத்தா திறந்துடும். பாஸ்வேர்டே மறந்துட்டா புதுச ஒரு ஃபைல்ல எழுதி "ஏசி-யூசர்-செட்-பாஸ்வேர்டு"ல மைனஸ் ஐ போட்டு அந்த ஃபைல குடுக்கணும், கட்டளைலயே பாஸ்வேர்ட அடிக்க விடாது. வேலை முடிஞ்சதும் அந்த ஃபைல அழிச்சுடுங்க, எங்காளு ஒருத்தர் டெஸ்க்டாப்லயே விட்டு வெச்சிருந்தாரு.

இதுக்கு யாரையும் வெளிய இருந்து கூப்பிட தேவை இல்ல.

## மஞ்சள் மட்டும் எரியுது, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல

ஹெல்த் டீட்டெய்ல்ல என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க.

க்ளாக் ஸ்க்யூன்னா: மானிட்டருங்களுக்குள்ள (கிளஸ்டர்ல யாரு உயிரோட இருக்கான்னு கணக்கு வெக்கிற டீமனுங்க) நேரம் 0.05 செகண்டுக்கு மேல தள்ளிப் போச்சுன்னா கத்தும். "செஃப் டைம் மைனஸ் சிங்க் மைனஸ் ஸ்டேட்டஸ்" அடிச்சா யாரு தள்ளி நிக்கிறான்னு தெரியும், அந்த சர்வர்ல "க்ரோனிசி சோர்சஸ்" அடிங்க, நேரத்த சரியா வெக்கிற க்ரோனி சர்வீஸோட நிலவரம் வரும். சர்வீஸ் நின்னிருக்கும், இல்ல ஃபயர்வால்ல யுடிபி 123 அடைபட்டிருக்கும், அதுவும் இல்லேன்னா ரீபூட் ஆன மெஷின்ல மதர்போர்டு பேட்டரி செத்து வேற வருஷத்துல நிக்கும். கையால டேட் மாத்துறது மட்டும் வேணாம், க்ரோனிய ரீஸ்டார்ட் பண்ணி விட்டா அதுவே சரி பண்ணிக்கும்.

ரீசன்ட் க்ராஷ்னா: ரெண்டு வாரத்துக்குள்ள ஏதோ டீமன் ஒருதடவ விழுந்து எழுந்திருக்கு. "செஃப் க்ராஷ் எல்எஸ்" பாத்து, ஒரே டீமன் நாலு தடவ இருந்தா கவனிக்கணும், ஒண்ணு தான்னா படிச்சிட்டு "க்ராஷ் ஆர்க்கைவ்-ஆல்".

நோஅவுட் ஃப்ளாக் செட்னா: டிஸ்க் விழுந்தாலும் கிளஸ்டர விட்டு வெளியேத்தாதன்னு சொல்ற குறி அது, நம்ம ஆளுங்களே போட்டு மறந்தது. போன மாசம் பராமரிப்புக்கு போட்டத யாரும் எடுக்கல, நடுவுல ஒரு டிஸ்க் செத்துருந்தா அதோட காப்பி வேற எடத்துல உருவாகாமலே கெடக்கும். "செஃப் ஓஎஸ்டி அன்செட் நோஅவுட்". அடிக்கிறதுக்கு முன்னாடி டீம்ல யாராச்சும் இப்ப எதையாச்சும் கழட்டி வெச்சிருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

## ஓஎஸ்டி டவுன்னு காட்டுது

ஓஎஸ்டின்னா ஒரு டிஸ்க்க பாத்துக்குற டீமன். இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஒரு ஓஎஸ்டி டவுன் ஆனா 600 செகண்ட், அதாவது பத்து நிமிஷம் பாக்கும், திரும்பி வரலன்னா அவுட் பண்ணிட்டு அதுல இருந்த டேட்டாவ மத்த டிஸ்க்குல உருவாக்க ஆரம்பிச்சுடும். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல நோஅவுட் போடாம ஒரு சர்வர ரீபூட் பண்ணிட்டு டீ குடிக்க போயிட்டேன், அது ரெய்டு கார்டு செக் பண்ணிட்டு மெதுவா இருவது நிமிஷம் எடுத்து எழுந்திரிச்சுது, வந்து பாத்தா மொத்த கிளஸ்டரும் டேட்டாவ தூக்கிட்டு ஓடுது, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் யூசருங்க ஸ்லோ ஸ்லோன்னு திட்டினாங்க. அதனால நீங்களா எதையாச்சும் நிறுத்தப் போறீங்கன்னா மொதல்ல "செஃப் ஓஎஸ்டி செட் நோஅவுட்". டாஷ்போர்டுல ஓஎஸ்டி பக்கத்துல கிளஸ்டர்-வைட் கான்ஃபிகரேஷன்ல ஃப்ளாக்ஸ்னு இருக்கும், அங்கயும் டிக் போடலாம்.

இப்ப "செஃப் ஓஎஸ்டி ட்ரீ டவுன்" அடிங்க. எது எது விழுந்திருக்குங்குறத வெச்சு தான் வழி பிரியும்.

### ஒரே ஒரு ஓஎஸ்டி தான் டவுன்

12-ஆம் நம்பர்னு வெச்சுக்குவோம். "செஃப் ஆர்க் டீமன் ரீஸ்டார்ட் ஓஎஸ்டி டாட் 12" ஒரே ஒரு தடவ குடுத்து பாருங்க. வந்துச்சுன்னா சந்தோஷம், ஆனா ஏன் விழுந்துச்சுன்னு பாக்காம விடாதீங்க. வரலன்னா அந்த சர்வர்ல போய் "செஃப்ஏடிஎம் லாக்ஸ்" போட்டு அந்த டீமன் பேர குடுங்க, கூடவே "டிமெசேஜ்" (எழுத்து டிஎம்இஎஸ்ஜி, கர்னல் லாக்) பாருங்க. ஐஓ எரர்னு வரிசையா வந்தா டிஸ்க் போச்சு. "ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ"ல ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறிட்டே போனாலும் போச்சு தான், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு நெனைக்காதீங்க. மெமரி பத்தாம கர்னல் கொன்னுருந்தா அதுவும் டிமெசேஜ்லயே இருக்கும், அப்ப டிஸ்க் மேல பழி போட்டு கழட்டிடாதீங்க.

டிஸ்க் மாத்துறதுக்கு "செஃப் ஆர்க் ஓஎஸ்டி ஆர்எம் 12", கூட ரெண்டு மைனஸ் போட்டு ரீப்ளேஸ். ரீப்ளேஸ் போட்டா தான் அதே நம்பர் புது டிஸ்க்குக்கு வரும். சர்வர் முன்னாடி நின்னா பன்னெண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி இருக்கும், எத உருவுறதுன்னு சந்தேகமா இருந்தா டாஷ்போர்டுல ஃபிசிக்கல் டிஸ்க்ஸ் பக்கத்துல ஐடென்டிஃபை அழுத்துங்க, அந்த டிஸ்க்கோட லைட் மினுக்கும். உங்க ஹார்டுவேர் அத சப்போர்ட் பண்ணலன்னா சீரியல் நம்பர பாத்து உருவுங்க. நல்ல டிஸ்க்க உருவிட்டு நிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், மொகம் வெளிறிப் போயிடும்.

இன்னொரு பொறி. ஆல்-அவைலபிள்-டிவைசஸ்னு போட்டு கிளஸ்டர் கட்டிருந்தீங்கன்னா, நீங்க சுத்தம் பண்ணி வெச்ச டிஸ்க்க அது உடனே புது ஓஎஸ்டியா முழுங்கிடும். டெஸ்ட் பண்ணலாம்னு பழைய டிஸ்க்க ஜாப் பண்ணிட்டு, அதாவது மொத்தமா அழிச்சுட்டு, திரும்பி பாத்தா அது கிளஸ்டர்ல உக்காந்து டேட்டா வாங்கிட்டு இருக்கு. முன்னாடியே அந்த சர்வீஸ அன்மேனேஜ்டுன்னு மாத்தி வெச்சுக்கோங்க.

### ஒரே சர்வர்ல இருக்குற எல்லா ஓஎஸ்டியும் டவுன்

அத்தன டிஸ்க்கும் ஒரே நேரத்துல சாகாது. மொதல்ல பிங் போகுதா பாருங்க, அப்புறம் கரென்ட், நெட்வொர்க் கேபிள், ஸ்விட்ச் போர்ட். பிங் போகுது ஆனா ஓஎஸ்டி மட்டும் இல்லன்னா ஃபயர்வால யாராச்சும் தொட்டாங்களான்னு கேளுங்க, ஓஎஸ்டிங்க 6800-ல இருந்து மேல இருக்குற போர்ட் வரிசைல பேசும். இதெல்லாம் சரின்னா டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு, அது காசு விஷயம், வாரண்டி ஆளுங்கள கூப்பிடுங்க.

மூணு சர்வர் தான் மொத்தமே, அதுல ஒண்ணு போச்சுன்னா மூணாவது காப்பிய வெக்க எடமே கிடையாது, அண்டர்சைஸ்டுன்னு மஞ்சளாவே நிக்கும், யூசருக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவதும் போனா தான் எழுத்து படிப்பு ரெண்டும் நிக்கும், மின் சைஸ், அதாவது வேலை நடக்க கொறஞ்சது இருக்க வேண்டிய காப்பி, ரெண்டுன்னு இருக்குறதால. அப்ப தேடுனா மின் சைஸ ஒண்ணாக்குங்கன்னு ஒரு ஐடியா கண்டிப்பா கண்ணுல படும். பண்ணாதீங்க. மிச்சம் இருக்குற ஒரே காப்பில எழுதிட்டு அந்த டிஸ்க்கும் போச்சுன்னா திரும்ப எடுக்க ஒண்ணுமே இருக்காது.

### டவுன் ஆகுது, வருது, வேற ஒண்ணு டவுன் ஆகுது

இதுக்கு நெட்வொர்க்க தவிர வேற எதையும் மொதல்ல சந்தேகப்படாதீங்க. ஒரு ஓஎஸ்டி இன்னொண்ணுக்கு துடிப்பு அனுப்பும், 20 செகண்ட் பதில் வரலன்னா செத்துட்டான்னு மானிட்டர்கிட்ட கோள் சொல்லும், மானிட்டர் டவுன் பண்ணும், அவன் நான் உயிரோட தான் இருக்கேன்னு திரும்ப வருவான். இந்த சண்டை விடிய விடிய நடக்கும்.

எங்களுக்கு ஒருதடவ நடந்தது, ஸ்விட்ச் மாத்திருக்காங்க, எங்ககிட்ட சொல்லல, சர்வருங்கள்ல எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ், 9000 இருக்கு ஆனா புது ஸ்விட்ச்ல 1500, சாதா பிங் எல்லாம் அழகா போகுது ஆனா பெரிய பாக்கெட் மட்டும் காணாம போகுது, மூணு நாள் டிஸ்க்க மாத்தி மாத்தி பாத்தோம். "பிங் மைனஸ் பெரிய எம் டூ (நம்பர் இல்ல, டி ஓ), மைனஸ் எஸ் 8972" போட்டு அடுத்த சர்வர் ஐபிய குடுத்து பாருங்க. 9000-ல ஹெடருக்கு 28 பைட் போனா மிச்சம் 8972. போகலன்னா எம்டியு எங்கயோ ஒத்துப் போகல. ரெண்டு நெட்வொர்க் பிரிச்சு வெச்சிருந்தா ரெண்டுலயும் பாக்கணும், உள் நெட்வொர்க்க எல்லாரும் மறந்துடுவாங்க. அதுக்கப்புறம் தான் கேபிள், எஸ்எஃப்பி, ஸ்விட்ச் போர்ட்ல எரர் கவுன்ட்.

## யூசர் ஃபோல்டர் தொறந்தா அப்படியே தொங்குது

ஒருத்தருக்கா எல்லாருக்குமா, அத கேக்காம எதையும் தொடாதீங்க.

### ஒருத்தருக்கு மட்டும்

பர்மிஷன் டினைட்னு வந்தா தொங்கல்ல சேராது, கீ விஷயம். "செஃப் ஆத் கெட்" போட்டு அந்த க்ளையன்ட் பேர குடுங்க, எந்த பாதைக்கு அனுமதி இருக்குன்னு தெரியும்.

தொங்குறதுன்னா அவரு மெஷின் துரத்தி விடப்பட்டிருக்கலாம். லேப்டாப் தூங்கப்போய், இல்ல நெட்வொர்க் அறுந்து 300 செகண்டுக்கு பதில் இல்லன்னா எம்டிஎஸ் (செஃப்எஃப்எஸ்ல ஃபைல், ஃபோல்டர் கணக்க பாத்துக்குற டீமன்) அந்த க்ளையன்ட வெளிய தள்ளி ப்ளாக்லிஸ்ட்ல (தடுப்புப் பட்டியல்) போட்டுடும், சும்மா விட்டா ஒரு மணி நேரம் அந்த லிஸ்ட்லயே இருக்கும். "செஃப் ஓஎஸ்டி ப்ளாக்லிஸ்ட் எல்எஸ்"ல அவரு ஐபி இருக்கா பாருங்க. இருந்தா அன்மவுன்ட் பண்ணி திரும்ப மவுன்ட் பண்றது தான் வழி. வெறும் யுமவுன்ட் அடம்புடிக்கும், மைனஸ் எல் போட்டு பாருங்க, அதுக்கும் மேல போனா அந்த ஒரு மெஷின ரீபூட் பண்ணிக்கலாம், சர்வர இல்ல.

### எல்லாருக்கும்

"செஃப் எஃப்எஸ் ஸ்டேட்டஸ்". ஆக்டிவ்னு ஒரு எம்டிஎஸ் இருக்கணும், ஸ்டாண்ட்பை ஒண்ணாச்சும் இருக்கணும். ரீப்ளே, ரீஜாயின்னு எழுதிருந்தா மேல வந்துட்டு இருக்கு, கை கட்டிட்டு நில்லுங்க. ஃபைல் எண்ணிக்கை ஜாஸ்தியா இருந்தா கொஞ்சம் நேரமாகும், அவசரப்பட்டு ரீஸ்டார்ட் பண்ணா மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், இப்படி நாலு தடவ ரீஸ்டார்ட் பண்ணி காலைல வரைக்கும் எழுந்திரிக்க விடாம பண்ண கதை எங்களுக்கு உண்டு.

ஆக்டிவா இருந்தும் தொங்குதுன்னா ஹெல்த் டீட்டெய்ல்ல "கேபபிலிட்டி ரிலீசுக்கு பதில் தரல"ங்குற அர்த்தத்துல ஒரு க்ளையன்ட் நம்பரோட மெசேஜ் இருக்கும். ஒரு மெஷின் ஃபைல புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது, மத்தவங்க எல்லாம் பின்னாடி க்யூல நிக்கிறாங்க. டாஷ்போர்டுல ஃபைல் சிஸ்டம்ஸ் பக்கம் போய் க்ளையன்ட்ஸ் டேப்ல யாருன்னு பாத்து, அந்த மெஷின் ஓனர கூப்பிட்டு சொல்லிட்டு எவிக்ட் குடுங்க. சொல்லாம பண்ணா அவரு சேவ் பண்ணாத வேலை போயிடும், அப்புறம் உங்க மேல தான் பாயுவாரு.

கேஷ் ப்ரெஷர்னு வந்தா எம்டிஎஸ் மெமரி. சும்மா விட்டா கேஷுக்கு 4 ஜிபி தான் எடுத்துக்கும், கோடி ஃபைல் வெச்சிருக்குற எடத்துக்கு அது எம்மாத்திரம். சர்வர்ல ரேம் இருந்தா "எம்டிஎஸ் கேஷ் மெமரி லிமிட்" ஏத்துங்க, அந்த லிமிட்டுக்கு மேலயும் கொஞ்சம் சாப்பிடும்னு கணக்கு வெச்சு ஏத்துங்க.

ஆனா பாதி நாள் இதுக்கு மூல காரணம் யாரோ ஒருத்தர் ஓட்ற "டியு" தான். மொத்த ஃபோல்டருக்கும் சைஸ் பாக்குறேன்னு ஒவ்வொரு ஃபைலா தட்டி எழுப்பிட்டு இருப்பாரு. செஃப்எஃப்எஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உள்ள இருக்குற மொத்த சைஸ தானே கணக்கு வெச்சிருக்கு, "கெட்எஃப்ஆட்ர் மைனஸ் என் செஃப் டாட் டிர் டாட் ஆர்பைட்ஸ்" போட்டு ஃபோல்டர் பேர குடுத்தா கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள நம்பர் வரும். இத சொல்லிக் குடுத்ததுல இருந்து எங்க ராத்திரி போன் பாதியா கொறஞ்சுது.

## எழுத முடியல, இடம் இல்லன்னு சொல்லுது

மொதல்ல எரர் வார்த்தைய பாருங்க. "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்"னா கிளஸ்டர்ல எடம் இருக்கு, அந்த ஃபோல்டருக்கு நாம போட்ட லிமிட் முடிஞ்சுது, அவ்ளோ தான். "நோ ஸ்பேஸ் லெஃப்ட்"னா நெஜமாவே பிரச்சனை.

85 சதவீதத்துல நியர்ஃபுல்னு மஞ்சள், 90-ல பேக்ஃபில்ஃபுல், அதுக்கப்புறம் அந்த டிஸ்க்குக்கு டேட்டா நகத்தாது, 95-ல ஃபுல், எழுத்து நின்னுடும், அழிக்க மட்டும் செஃப்எஃப்எஸ் விடும். இது மொத்த கிளஸ்டருக்கான கணக்கு இல்ல, ஏதோ ஒரு ஓஎஸ்டி 95 தொட்டா போதும். மேனேஜருங்க "மொத்தமா 70 தானப்பா ஆகிருக்கு"ன்னு கேப்பாங்க, "செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ" எடுத்து காட்டுங்க, ஒண்ணு 60-லயும் ஒண்ணு 94-லயும் நிக்கும்.

அப்படி ஏத்த எறக்கமா இருந்தா "செஃப் பேலன்சர் ஸ்டேட்டஸ்" பாத்து ஆன்ல அப்மேப் மோடுல இருக்கான்னு உறுதி பண்ணுங்க, அதுவே மெல்ல சமமாக்கும்.

எல்லாமே ரொம்பிருந்தா அழிக்கணும். 2 டிபி அழிச்சும் எடம் வரலன்னு வந்து நிப்பாங்க. ஒண்ணு, அழிச்சது பின்னாடி மெதுவா தான் நெஜமா போகும், கொஞ்சம் பொறுங்க. இன்னொண்ணு, ஸ்னாப்ஷாட். அந்த ஃபோல்டருக்குள்ள "டாட் ஸ்னாப்"னு ஒரு மறைவு டைரக்டரி இருக்கும், எல்எஸ்ல காட்டாது ஆனா சிடி பண்ணி உள்ள போகலாம். பழைய ஸ்னாப்ஷாட் அங்க டேட்டாவ புடிச்சு வெச்சிருக்கும், தேவை இல்லாதத "ஆர்எம்டிர்" பண்ணா தான் எடம் விடும்.

அழிச்சு முடிக்கிற வரைக்கும் மூச்சு விட எடம் வேணும்னா "செஃப் ஓஎஸ்டி செட்-ஃபுல்-ரேஷியோ 0.96"ன்னு ஒரு புள்ளி ஏத்தலாம். அன்னைக்கே திரும்ப 0.95 வெச்சுடணும். 0.99 வரைக்கும் ஏத்தி டிஸ்க் நெஜமாவே ரொம்பிருச்சுன்னா அந்த ஓஎஸ்டி எழுந்திரிக்கவே மாட்டேங்கும், அங்க இருந்து வர்றது பெரும்பாடு. கடைசி வழி புது டிஸ்க் வாங்குறது, பர்ச்சேஸ்ல கையெழுத்து வாங்க எத்தன வாரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், அதனால 75 சதவீதத்துலயே பர்ச்சேஸ் ஃபைல நகத்துங்க.

## செவப்புல பிஜி இன்கன்சிஸ்டன்ட்

டேட்டாவ கட்டு கட்டா பிரிச்சு வெக்கிறதுல ஒரு கட்டு தான் பிஜி. வாரம் ஒருதடவ டீப் ஸ்க்ரப் ஓடி காப்பிங்கள ஒப்பிட்டு பாக்கும், ஒத்துப் போகலன்னா இது. டாஷ்போர்டு சொல்லும் ஆனா தீர்வு கமாண்ட் லைன்ல தான். ஹெல்த் டீட்டெய்ல்ல பிஜி நம்பர் எடுத்து "ராடோஸ் லிஸ்ட்-இன்கன்சிஸ்டன்ட்-ஓபிஜே"ல குடுங்க, எந்த ஓஎஸ்டில ரீட் எரர்னு வரும். மூணுல ஒண்ணு தான் கெட்டிருக்குன்னா "செஃப் பிஜி ரிப்பேர்" அந்த நம்பரோட. அப்புறம் அந்த டிஸ்க்குக்கு ஸ்மார்ட் பாருங்க, அதே ஓஎஸ்டி ரெண்டாவது தடவ வந்தா மாத்திடுங்க.

இன்கம்ப்ளீட், அன்ஃபவுண்ட்னு வார்த்தை வந்தா கீபோர்ட விட்டு கைய எடுங்க. தேடுனா "மார்க் அன்ஃபவுண்ட் லாஸ்ட் டெலீட்", "ஃபோர்ஸ்-க்ரியேட்-பிஜி"ன்னு கட்டளைங்க கெடைக்கும், ஹெல்த் பச்சையா மாறிடும், டேட்டாவும் போயிடும். செத்த டிஸ்க்குல இருந்து கூட அந்த பிஜிய எடுக்க அனுபவம் உள்ளவங்களுக்கு வழி இருக்கு, அதனால கழட்டுன டிஸ்க் எதையும் தூக்கிப் போடாம, ஜாப் பண்ணாம, எந்த சர்வர்ல எந்த எடத்துல இருந்துச்சுன்னு டேப்ல எழுதி ஒட்டி வெச்சுட்டு ஆள கூப்பிடுங்க.

## "செஃப் மைனஸ் எஸ்" அடிச்சா பதிலே வரல

எரர் வந்தா நல்லது, கீரிங் ஃபைல் இல்ல, கான்ஃபிக் ஃபைல் இல்லன்னு தான் இருக்கும், "செஃப்ஏடிஎம் ஷெல்" உள்ள போய் அடிச்சு பாருங்க. ஒண்ணுமே சொல்லாம கர்சர் மட்டும் மினுக்குச்சுன்னா மானிட்டருங்களுக்குள்ள பெரும்பான்மை இல்ல. மூணுல ரெண்டு உயிரோட இருக்கணும்.

ஒவ்வொரு மானிட்டர் சர்வர்லயும் போய் "டிஎஃப் மைனஸ் எச்". நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இது தான், லாக் ரொம்பி டிஸ்க் அடைச்சுடும், காலி எடம் 5 சதவீதத்துக்கு கீழ போனா மானிட்டர் தானாவே நின்னுடும். 30 சதவீதத்துலயே மஞ்சள் காட்டிருக்கும், யாரும் பாத்திருக்க மாட்டோம். லாக்க அழிச்சு எடம் பண்ணிட்டு "சிஸ்டம்சிடிஎல்"ல அந்த மானிட்டர் சர்வீஸ ஸ்டார்ட் பண்ணுங்க. மானிட்டரோட ஸ்டோர் இருக்குற டைரக்டரில ஒரு ஃபைல கூட தொடாதீங்க, அது லாக் மாதிரி தான் இருக்கும், ஆனா அது தான் கிளஸ்டரோட ஜாதகமே.

எடம் இருக்குன்னா போர்ட் 3300-ம் 6789-ம் ஒருத்தருக்கொருத்தர் போகுதான்னு பாருங்க, அப்புறம் நேரம். ரெண்டு மானிட்டர் டிஸ்க்கே செத்துருந்தா மிச்சம் இருக்குற ஒண்ண வெச்சு மானிட்டர் மேப்ப (மானிட்டருங்க பட்டியல்) திருத்தி எழுப்பலாம், ஆனா அத மொதல் தடவ நைட்டு மூணு மணிக்கு தனியா பண்ணி பழகாதீங்க. இந்த எடத்துல காசு குடுத்து ஆள கூப்பிடலாம், தப்பே இல்ல. அவங்க லைன்ல வந்ததும் கேக்குற மொத கேள்வி என்ன வெர்ஷன், ரெண்டாவது கடைசியா என்ன மாத்துனீங்க, மூணாவது மொதல்ல என்ன மெசேஜ் வந்துச்சு. அந்த நோட்பேட எடுத்து படிங்க, கூடவே நீங்க அடிச்ச கட்டளை எல்லாத்தையும் சொல்லிடுங்க, வெக்கமா இருக்குறதையும் சேத்து.